முத்திரைக்குத் தகாதவை

சர்வசித்து வருஷம், மாசி 3, ஞாயிறு

திவான் இன்று திரைக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று தடவை செருமினார். கெட்ட சேதி என்று அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல சேதி என்றால் மனுஷர் ஒரு செருமலோடு நிறுத்திக்கொள்வார்.

வெண்கோடு சமஸ்தானம் இன்னும் பதினைந்து நாளில் சர்க்காரோடு சேர்ந்துவிடுமாம். மகாராஜா நேற்றுக் காலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். நேற்று மத்தியானம் அதே மகாராஜா என் எதிரில் உட்கார்ந்து மோர்க்குழம்பு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்ல வாய் இருந்தது, ராஜ்யம் போயிற்று என்று சொல்ல வாய் இல்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்த பெண்டாட்டிக்குத் திவான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஆயி அவர்கள் மனம் கலங்கக் கூடாது" என்றார் திவான். கலங்கவில்லை, பற்றி எரிகிறது என்று சொன்னேன். மறுபடியும் செருமினார்.

இந்த லட்சணத்தில் சாயங்காலம் என் மகள் வடிவின் மாசிக் கடிதம் வந்தது. வழக்கம்போல அரண்மனைக் கடிதங்கள் எழுதும் ராயசம் தாமோதரம் பிள்ளை திரைக்கு வெளியே நின்று படித்தார். "மகாராஜராஜஸ்ரீ தாயார் ஆயி அவர்கள் திவ்ய சமூகத்துக்கு, நெடுமலை இளையராணி வடிவாம்பாள் நமஸ்காரம். இவ்விடம் சகலரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கு எழுதியனுப்ப வேண்டியது." அவ்வளவுதான். ஆறு வருஷமாக இதே கடிதம். மாசம்தான் மாறுகிறது. பெற்ற வீடே கவிழ்கிறது, ஊரெல்லாம் பேச்சாகக் கிடக்கிறது, என் வயிற்றில் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கல் நெஞ்சக்காரி.

நான் மட்டும் என்ன, கடமையில் தவறினேனா? மாசாமாசம் நானும் எழுதுகிறேன். நான் எழுதித் தருவதைப் பிள்ளை வாங்கிப்போய்த் திருத்தி, தன் முத்து முத்தான எழுத்தில் நல்ல காகிதத்தில் எழுதி, என் தாமரை முத்திரையை வைத்து அனுப்புவார். ராணியின் கையெழுத்து அரண்மனையை விட்டு வெளியே போகக் கூடாது. எனக்கு மட்டுமில்லை, என் எழுத்துக்கும் கோஷாதான். இந்த நோட்டில் மட்டும்தான் அது முக்காடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நெடுமலை மாப்பிள்ளையைப் பற்றி என்னவோ காதில் விழுந்தது. என் பணிப்பெண் தாயம்மாளின் அக்காள் அஞ்சலை அந்த அரண்மனையில்தான் வேலை செய்கிறாள். அவள் மூலமாக வந்த சேதி. அரண்மனை என்றால் ஆயிரம் இருக்கும். வடிவுக்கு எழுத வேண்டியதை அப்போதே எழுதிவிட்டேன். அதற்கும் பதில், க்ஷேமம்.

மாசி 5

மகாராஜாவுக்கு வயிறு சரியில்லை. இரண்டு நாளாக மோர்க்குழம்பு நிறுத்தம். எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

மாசி 8, வெள்ளி

சர்க்கார் ஆபீசர் வந்துவிட்டார். சின்ன வயசு, கதர் சட்டை, கையில் ஜாபிதா. நாற்காலி, கட்டில், வெள்ளிச் சொம்பு, மான் தலை, எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டுகிறார்கள். என் ஊஞ்சலிலும் ஒட்ட வந்தார்கள். தாயம்மாள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னையும் சேத்து ஒட்டிட்டுப் போங்க" என்றாளாம். போய்விட்டார்கள்.

மகாராஜா தன் அறைக்குள் போய் எந்தத் துப்பாக்கி தனக்கு, எது சர்க்காருக்கு என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார். பெரிய வீரம்.

வடிவுக்கு நான்கு பக்கம் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தேன். நடந்தது எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன், கொஞ்சம் திட்டியும் இருந்தேன். ஒரு மணி நேரத்தில், "முத்திரை வச்சு அனுப்பியாச்சு ஆயி" என்றார். நான்கு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் எப்படி எழுதி முடித்தார் என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

மாசி 12, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக வந்தால் வரட்டும்.

இன்று ராயசம் அறையைக் காலி செய்தார்கள். ஏடு, கணக்கு, பழைய தஸ்தாவேஜு எல்லாம் பெட்டிக்குப் போயிற்று. சிவப்புத் துணியில் கட்டிய ஒரு மூட்டையை மட்டும் ஆபீசர் பார்த்துவிட்டு, "இது குடும்பக் கடிதம், சர்க்காருக்கு வேண்டாம்" என்று உள்ளே கொடுத்தனுப்பினார். பின்னாலேயே பிள்ளை ஓடிவந்து, அதை அவிழ்க்காமல் அடுப்பில் போடும்படி தாயம்மாளிடம் கெஞ்சியிருக்கிறார். அவள் நேராக என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

மேலே சீட்டில் பிள்ளையின் முத்தெழுத்து: "ஆயி அந்தப்புரம். முத்திரைக்குத் தகாதவை."

உள்ளே ஆறு வருஷத்து என் கடிதங்கள். என் கையால் எழுதிய காகிதங்கள் எல்லாம், மடிப்புக் கலையாமல். நாலு நாள் முன்னால் கொடுத்த நான்கு பக்கமும் இருந்தது. பிள்ளை அவற்றிலிருந்து ஒரு வரிகூட எடுத்து எழுதவில்லை. வடிவுக்குப் போனதெல்லாம் பிள்ளையின் க்ஷேமம்தான்.

அது போகட்டும். அடியில் சின்னச் சின்னச் சீட்டுகள் பதினொன்று இருந்தன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெடுமலையிலிருந்து வரும் பழக்கூடையில் வாழையிலைக்கு அடியில் சொருகி அனுப்பியிருக்கிறாள் என் மகள். கூடை முதலில் போவது ராயசம் அறைக்கு. அங்கேயே நின்றுவிட்டன. ஒன்றில்கூட மகாராஜராஜஸ்ரீ இல்லை. எல்லாம் "அம்மா" என்று ஆரம்பிக்கின்றன.

முதல் வருஷத்துச் சீட்டு: "அம்மா, இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. ஆடிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்."

மூன்றாம் வருஷம்: "அம்மா, அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். என்னைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் வந்துவிடுகிறேன். வா என்று ஒரு வரி எழுதுங்கள் போதும்."

போன தீபாவளி: "நீங்கள் எழுதப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன்."

அந்தத் தீபாவளிக் கூடையில் வந்த மாதுளம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, புளிக்கிறது என்று குறை சொன்னேன். ஞாபகம் இருக்கிறது.

மூட்டையில் நான் எழுதியதில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மாசி 13

பிள்ளையைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாக அவர் குரலைத்தான் கேட்டிருக்கிறேன். இன்று திரையை நானே இழுத்துத் தள்ளினேன். ஒல்லியாக, காது வழியாக மயிர் முளைத்த ஒரு கிழவர். இவருக்கா பயந்து என் மகள் வாழையிலைக்கு அடியில் எழுதினாள் என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீர்?" என்றேன்.

"வழக்கம் ஆயி." தரையைப் பார்த்தே பேசினார். "முத்திரை விழுற காயிதத்துல அழுகை கூடாது, கோபம் கூடாது, கெட்ட சேதி கூடாது. காயிதம் எப்படி எழுதணும்னு எங்க தாத்தா காலத்து ஏடு ஒண்ணு இருக்கு. அதுல உள்ளபடிதான் எழுதினேன். உங்க மாமியார் பெரிய ஆயிக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான்."

"என் மகள் செத்திருந்தால்?"

"அதுக்குத் தனி வாசகம் இருக்குங்க ஆயி."

பக்கத்தில் இருந்த வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வீசினேன். அவர் மேல் படவில்லை, தூணில் பட்டது. அந்தச் செல்லத்திலும் சர்க்கார் சீட்டு ஒட்டியிருந்தார்கள், இனி சர்க்கார் சொத்தில் ஒரு நசுங்கல்.

அவர் பாக்குத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "ராஜகுமாரி சீட்ட நிறுத்தினேன், நெசந்தான். ஆனா உங்க காயிதத்தையும்தான் நிறுத்தினேன். மூணு வருஷம் முன்ன நீங்க எழுதினீங்களே, அதையும் அனுப்பலை. அதுக்கும் சேத்துத் திட்டுவீங்களா ஆயி?"

போம் என்றேன். போனார்.

மாசி 14, வியாழன்

மகாராஜாவிடம் சீட்டுகளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி, போட்டு, இரண்டு படித்தார். "பாவம்" என்றார். பிறகு, "இப்போ இருக்குற நெலமையில நெடுமலையோட வம்பு வேணாம். அவங்களும் சர்க்காரோட சேரப் போறாங்க. எல்லாம் அடங்கட்டும்" என்றார். ஆறு வருஷமாக அடங்கித்தானே கிடந்தது.

பெண் கொடுத்த அரண்மனை வாசலைத் தாய் மிதிக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். மிதித்தால் என்ன என்று கேட்கலாம். மிதித்தால் முன்கட்டில் உட்கார வைத்துப் பன்னீர் தெளித்து, "இளையராணி கோயிலுக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாங்களும் பலருக்கு அப்படிச் செய்திருக்கிறோம்.

அதனால் நானே உட்கார்ந்து எழுதினேன். என் கையால், என் எழுத்தில். "வடிவு, உன் சீட்டுகள் நேற்று முன்தினம்தான் என் கைக்கு வந்தன. மாசி 29 வெள்ளிக்கிழமை காலை நெடுமலை ரயில் ஸ்டேஷனில் காத்திருப்பேன். நீ வெள்ளிதோறும் போகும் அம்மன் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறதாம். புறப்பட்டு வா. அம்மா."

தாயம்மாள் அதை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு பஸ் ஏறினாள். அஞ்சலை மூலமாகப் போகும்.

மாசி 18, திங்கள்

இன்று கொடி இறங்கியது. மகாராஜா அழுதார். சிப்பாய்கள் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

ஆபீசர் என் முத்திரையைக் கேட்டனுப்பினார். தாமரை முத்திரை, என் மாமியாருடையது. அவருக்கு முன்னால் இன்னும் எத்தனையோ பேருடையது. சனியன் ஒழிந்தது என்று நானே துணியில் சுற்றிக் கொடுத்தேன். திவான் அதிர்ந்து போனார். ஆயி அவர்களுக்கு வருத்தம் இல்லையா என்றார். இதைப் போய்க் கிணற்றில் போட வேண்டும் என்று நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

மாசி 20, புதன்

தாயம்மாள் பதிலோடு வந்துவிட்டாள். அப்படியே எழுதுகிறேன்.

"இதை எழுதியவர் யாராக இருந்தாலும் சரி. இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாது. என் தாயார் கடிதம் என்றால் தாமரை முத்திரை இருக்கும். போன வருஷமும் இப்படித்தான் ஒரு கடிதம் வந்தது, தோட்டத்து வாசலுக்கு வா என்று. நம்பிப் போனேன். இங்கிருப்பவர்கள் கூடிநின்று சிரித்தார்கள். நான் ஓடிப்போகப் பார்த்தேன் என்று அன்று முதல் கதவுக்கு ஆள் போட்டுவிட்டார்கள். அஞ்சலையோடு போகிற வெள்ளிக்கிழமைக் கோயிலாவது மிஞ்சியிருக்கிறது. அதையும் பறிக்க வேண்டாம்."

என் மகளுக்கு என் கையெழுத்து தெரியாது. ஏன் தெரியாது? அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது டீச்சரம்மா. நான் எழுதி அவள் எதைப் பார்த்தாள்? இருபத்திரண்டு வயசாகிறது அவளுக்கு. இந்த எழுத்தை அவளிடம் காட்டிவிடக் கூடாது என்று எவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்? ஒரு சீட்டை நானும் கூடையில் சொருகியிருக்கலாமே. தோன்றவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மாசி 21

ஆபீசரிடம் போனேன். ஆள் அனுப்பவில்லை, நானே முன்கட்டுக்கு நடந்து போனேன். அங்கே இருந்த கிளார்க்குகள் எழுந்து நிற்பதா, திரும்பிக்கொள்வதா என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

"என் முத்திரை ஒரே ஒரு தடவை வேணும். ஒரு காகிதத்துல வச்சுட்டுத் தர்றேன்" என்றேன்.

"பெட்டியோட மெட்ராஸுக்குப் போயிடுச்சுங்க" என்றார். நல்ல பையன்தான், முகம் வாடிவிட்டது. "இருந்தாலும் இனிமே அது செல்லாதுங்களே. எதுக்கு வேணும்?"

"பெத்தவள்னு காட்ட" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

வேண்டும்போது இல்லாமல் போவதற்கென்றே செய்த முத்திரை.

மாசி 22, வெள்ளி

இன்று பீரோவைத் திறந்தேன். எழுதப் போவதில்லை என்று சொன்னதை எழுதத்தான் வேண்டும்.

வடிவுக்குத் தெரிந்த நான் எங்கே இருக்கிறேன் என்று நேற்று முழுக்க யோசித்தேன். புதிதாக எத்தனை எழுதினாலும் நம்பமாட்டாள். அவளுடைய சின்ன வயசுச் சங்கதிகளை எழுதலாம் என்றால், அவற்றையெல்லாம் அவளே அங்கே தோழிகளிடம் சொல்லியிருப்பாள், எவரும் எழுதிவிடலாம். என் வாயிலிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மாப்பிள்ளை மறு கல்யாணம் செய்துகொண்டான் என்று அஞ்சலை சொல்லியனுப்பிய அன்று நான் எழுதியது.

எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் இந்த நோட்டுக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். அவளைப் பின்கட்டில் போட்டதும் தெரியும். தெரிந்து இதை எழுதினேன்:

"கல்லுளிமங்கி! வாயை மூடிக்கொண்டு இருக்கிற இடத்தில் இரு. ராஜாக்கள் இரண்டு கட்டுவது உலகத்தில் இல்லாத அதிசயம் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றாயோ, என் முகத்தில் விழிக்காதே. வெண்கோட்டுப் பெண் வாழாவெட்டியாக வந்தாள் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. செத்தாலும் அந்த வீட்டிலேயே சாவு."

பிள்ளை இதை அனுப்பவில்லை. இதற்குப் பதிலாகத் தாயாரின் ஆசீர்வாதத்தையும் இரண்டு பட்டுப்புடவையையும் அனுப்பியிருக்கிறார். பத்து நாளாக அந்தக் கிழவரைச் சபித்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் வரவேண்டிய கோபமும் அதில் பாதி இருந்தது.

இந்தக் காகிதத்தை அனுப்பினால் என்னை நம்புவாள். நம்பிய பிறகு என் முகத்தில் விழிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? அனுப்பாவிட்டால் அங்கேயே கிடப்பாள்.

அதன் பின்பக்கத்தில் இரண்டே வரி எழுதினேன். "இதை நான்தான் எழுதினேன். இது தப்பு. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் இருப்பேன், நீ வந்தாலும் வராவிட்டாலும்."

தாயம்மாள் வாங்கிக்கொண்டாள். "என்ன ஆயி எழுதியிருக்கு?" என்றாள். "என் யோக்கியதை" என்றேன்.

மாசி 25

பதில் இல்லை. அஞ்சலை கையில் கொடுத்தாயிற்று என்கிறாள் தாயம்மாள்.

மாசி 28, வியாழன்

நாளை ரயில் என்று மகாராஜாவிடம் சொன்னேன். "யாரைக் கேட்டுக்கிட்டுப் போறே?" என்றார்.

"யாரைக் கேக்கணும்? கேக்குறதுக்கு இங்க யாரு இப்போ ராஜா?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாபஸ் வாங்க மாட்டேன்.

மாசி 29, வெள்ளி

ரயிலில் பெண்கள் பெட்டியில் போனோம். திரை இல்லை. எதிரில் ஒருத்தி கோழிக்கூடையோடு உட்கார்ந்து, "எந்த ஊரு?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து என்னை யாரும் கேட்டதில்லை, சட்டென்று சொல்ல வரவில்லை. தாயம்மாள்தான் சொன்னாள்.

நெடுமலை ஸ்டேஷனில் எட்டு மணிக்கு இறங்கினோம். ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. போர்ட்டர்கள் எல்லோரும் என்னை ஒரு முறையாவது பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தால் பார்க்கட்டும். திரும்பிப் போகிற வண்டி பதினொன்றரைக்கு. அவள் வரமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராததுதான் நியாயம், நானாக இருந்தால் வந்திருக்கமாட்டேன்.

பதினொன்று அடித்த பிறகு அஞ்சலை முன்னால் வந்தாள். பின்னால் கோயில் தட்டோடு ஒரு பெண். யாரோ என்று நினைத்தேன். அவ்வளவு மெலிந்திருந்தாள். தட்டில் தேங்காய் மூடிக்கு அடியில் அந்தக் காகிதம் இருந்தது. ஒளிக்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

காலில் விழவில்லை. அழவும் இல்லை. காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இத நீங்களா எழுதினீங்க?"

"நான்தான்."

"எல்லாம் தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அடிப்பாளோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மொத வார்த்தையிலேயே தெரிஞ்சுபோச்சு. என்னைக் கல்லுளிமங்கின்னு சொல்ற ஆள் ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "ஆறு வருஷத்துல எங்க அம்மாகிட்டேருந்து எனக்கு வந்த ஒரே கடுதாசி இதுதான்."

காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். தட்டை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் வண்டி ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

பங்குனி 4

வடிவு பக்கத்து அறையில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தாயம்மாளோடு சிரிக்கக்கூடச் சிரிக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. மகாராஜா நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்தார். உங்கள் துப்பாக்கியைத் துடையுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

இன்று காலை தாயம்மாள் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். "அந்த ரூம்லேருந்து ஆயி" என்றாள். படித்துக் காட்ட ஆள் இல்லை, நானே பிரித்தேன். எட்டுப் பக்கம். ஒவ்வொரு வருஷமாக, ஒவ்வொரு நாளாகக் கேட்டிருக்கிறாள். அந்தக் காகிதத்தை எழுதியபோது என் கை கூசவில்லையா என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் ஒரு தாயா என்று இரண்டு இடத்தில் எழுதி, இரண்டாவது இடத்தில் அடிக்கோடும் போட்டிருக்கிறாள். எட்டுப் பக்கத்தில் ஒரு க்ஷேமம்கூட இல்லை.

இரண்டு தடவை படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் மை இல்லை. தாயம்மாளைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.